மலைமேல் குசினியை எங்கே வைப்பது?

எங்கள் பைகள் இரண்டும் பள்ளத்தாக்குக்கு நடுவே ஒரு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. கீழே ஆறு இரைந்தது. மேலே மேகம். என் குளிர்ச்சட்டை, றிஸ்வியின் குளிர்ச்சட்டை, அளவு நாடா, பொத்துவிலிலிருந்து அவனுடைய உம்மா அனுப்பியிருந்த கருவாட்டுச் சம்பல் போத்தல், நான் வரைந்த ஒரு வீட்டுப் படம் எல்லாம் அந்தப் பைகளுக்குள்தான் இருந்தன. நாங்கள் இருவரும் மெல்லிய சட்டையோடு மலைப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

துருக்கியில் கருங்கடலைப் பார்த்தபடி நிற்கும் இந்த மலைகளில், பல வீடுகளுக்கு வாகனம் போகாது. சாலையோரத்தில் ஒரு மோட்டார், மேலே வீட்டு முற்றத்தில் ஒரு சக்கரம், இரண்டுக்கும் இடையில் கம்பி. கம்பியில் ஓர் இரும்புக் கூடை. அரிசி, விறகு, தேயிலைக் கொழுந்து எல்லாம் அதில் ஏறி இறங்கும். ஆட்கள் படியில் ஏறுவார்கள். எங்களை அழைக்க வந்த முராத் பைகளைக் கூடையில் வைத்து, “நீங்கள் கை வீசிக்கொண்டு ஏறலாம்” என்று பெருமையாகச் சொன்னான். வந்த வாகனத்துக்குள் சூடு அதிகம் என்று நாங்களும் குளிர்ச்சட்டைகளைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டோம். கூடை பாதி தூரம் போனது. கரண்ட் போய்விட்டது.

“பத்து நிமிஷம்,” என்றான் முராத். வளைகுடாவிலிருந்து வரும் விருந்தாளிகளிடம் பொறுக்கிய அரபி அவனுடையது. ஒன்பது வருடம் கட்டாரில் கல் பதித்த றிஸ்விக்கு அது நன்றாகவே விளங்கியது.

“பத்து நிமிஷமாம் மச்சான்,” என்று எனக்குச் சொன்னான். “நம்மட ஊர்லயும் கரண்ட் போனா இதத்தான் சொல்லுறாங்க. ஆள் முழு துருக்கியன் இல்ல, பாதி கல்முனையான்.”

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் தோஹாவில் ஒரு கட்டிடக் கம்பனியில் படம் வரைபவன். எங்கள் முதலாளி இந்த மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். வீடு கட்ட வேண்டும். பழைய மரவீட்டு மாதிரியா, புதுக் கண்ணாடி வீட்டு மாதிரியா என்று அவருக்குக் குழப்பம். “ரெண்டிலும் படுத்து எழும்பிப் பார்த்துவிட்டு வந்து சொல்” என்று என்னையும், கல்லைப் பார்க்க றிஸ்வியையும் அனுப்பினார். முராத்திடம் கண்ணாடி வீடு இருந்தது. ஐம்பது படி கீழே அவனுடைய அக்கா ஆயிஷேயிடம் மரவீடு இருந்தது. இரண்டிலும் விருந்தாளிகளைத் தங்க வைக்கிறார்கள். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் விருந்தாளி பிடிப்பதில் போட்டி.

எனக்கு அதைவிடப் பெரிய வேலை ஒன்றும் இருந்தது. அது பைக்குள் இருந்த அந்தப் படம்.

எங்கள் ஊர் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனைக்குப் பக்கத்திலுள்ள நற்பிட்டிமுனை. வாப்பா வெள்ளாமை செய்பவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து, மேலே படித்து, கையில் சான்றிதழோடு வந்தவன் நான்தான் முதல் ஆள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. கலியாணத்துக்கு முன்னால் பெண் வீட்டார் வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் தங்கச்சி பர்ஹானாவுக்கு ஆசிரியை நியமனம் மலைநாட்டில், ஹப்புத்தளைப் பக்கம் கிடைத்தது. பேசிய மாப்பிள்ளையும் அங்கேயே ஆசிரியர். அதனால் நாங்கள் வழமையை விடாமல் வீட்டை மட்டும் மலைக்குக் கொண்டுபோனோம். ஊரில் சிரித்தார்கள். வாப்பா வளைந்து கொடுக்கவில்லை. ஹப்புத்தளையில் ஒரு சரிவு நிலம், ஊரிலிருந்து கூட்டிப்போன மேசன் சலீம் பாஸ் (மேசனை நாங்கள் ‘பாஸ்’ என்போம்), நான் வரைந்த படம். இவ்வளவையும் வைத்து வேலை தொடங்கியிருந்தது.

முழு வீடொன்றை யாருடைய கையெழுத்தும் இல்லாமல் நானே வரைந்தது அதுதான் முதல் தடவை. நம்மூரில் நல்ல வீடு என்றால் என்னென்ன சொல்வார்களோ எல்லாம் அதில் இருந்தது. உயர்ந்த கூரை. ஒவ்வொரு யன்னலுக்கும் மேலே காற்று வந்துபோக பூவேலைத் துளைக் கற்கள். முன்னால் அகலமான விறாந்தை. சமைக்கும் குசினி மட்டும் வீட்டோடு ஒட்டாமல் பின்னால் தனியாக, புகையும் சூடும் வீட்டுக்குள் வராதபடி பதினைந்து அடி தள்ளி. அந்தப் படத்தின் பிரதியை வாப்பா தேத்தண்ணிக் கடைக்கெல்லாம் சுருட்டிக் கொண்டுபோய்க் காட்டினார் என்று உம்மா சொன்னா. அந்த வாரம் சனிக்கிழமைதான் குசினிக்கு அத்திவாரம் போடுவதாக இருந்தது. ஓய்வு நேரத்தில் மேலும் சில அளவுகளைச் சரிபார்க்கலாம் என்று படத்தைக் கூடவே கொண்டுவந்திருந்தேன். அது இப்போது ஆற்றுக்கு மேலே ஆடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் முராத்தின் வீட்டில். கதவைத் திறந்ததும் எனக்கு வாய் பிளந்துவிட்டது. தூணும் உத்தரமும் கொங்கிறீட். மற்றதெல்லாம் நிலத்திலிருந்து கூரை வரை கண்ணாடி. தடுப்புச் சுவர் இல்லாத ஒரே பெரிய கூடம். நிலத்துக்கு அடியில் குழாய் ஓடி தரையைச் சூடாக்குமாம். குளியலறையில் ஒரு துளி ஈரம் நிற்காது. குனியத் தேவையில்லாத கதவுகள். இப்படி வீடுகளைக் கணினியில் எத்தனையோ வரைந்திருக்கிறேன். உள்ளே நிற்பது அதுதான் முதல் தடவை.

“முன்னால முழு மலையும் தெரியும்,” என்றான் முராத்.

முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. மேகம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. நான்கு பக்கமும் வெள்ளை.

“பால் வாளிக்குள்ள விழுந்த மாதிரி இரிக்கி,” என்றான் றிஸ்வி.

பத்து நிமிஷம் மாலையைத் தாண்டி இரவுக்கும் நீண்டது. தரை மெல்ல மெல்ல ஆறியது. கண்ணாடிக்குக் கிட்டே போனால் ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு குளிர் முகத்தில் அடித்தது. கண்ணாடியின் உட்பக்கம் வியர்த்து, தண்ணீர் கோடு கோடாக வடிந்தது. முராத் ஓடியோடிக் கம்பளி கொண்டுவந்தான். ஒவ்வொரு தடவையும் கம்பளியோடு ஒரு மன்னிப்பும் வந்தது. நல்ல பிள்ளை. றிஸ்வி அறுகம்பேயில் சுற்றுலாக்காரருக்கு ஓலைக் குடில் கட்டிக் கொடுத்தவன். அவனுக்கு விருந்தாளிக்கு முன்னால் கையைப் பிசையும் வீட்டுக்காரனைப் பார்த்தால் பாவமாகிவிடும். “பிரச்சினை இல்ல, பிரச்சினை இல்ல” என்று அரபியில் சொல்லிக்கொண்டே நான்காவது கம்பளியையும் வாங்கிப் போர்த்திக்கொண்டான்.

விடியல் தொழுகையான சுபஹுக்கு ஒழுச் செய்ய, கைகால் முகம் கழுவக் குழாயைத் திறந்தேன். அந்தத் தண்ணீரைப் பற்றி எழுதினால் நம்ப மாட்டீர்கள். தொழுகை முடிவில் சலாம் கொடுத்ததும் றிஸ்வி திரும்பிச் சொன்னான்: “மச்சான், கண்ணாடி வீடு பார்த்தாச்சி. மறுகா அந்த ராத்தாட வீட்டயும் பார்ப்பம். இப்பவே பார்ப்பம்.”

ஐம்பது படி இறங்கினோம்.

ஆயிஷேயின் வீடு சரிவுக்கு முதுகைக் கொடுத்துப் பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கீழ்த்தட்டு முழுக்கக் கல். முன்னர் மாடு கட்டிய இடமாம், இப்போது விறகு அடுக்கியிருந்தார்கள். மேல்தட்டு மரம். சுவரில் மரச்சட்டங்களைக் கட்டம் கட்டமாக இணைத்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒவ்வொரு கல்லைப் பொருத்தியிருந்தார்கள். றிஸ்வி குளிரை மறந்துவிட்டான். ஒவ்வொரு கல்லாகத் தட்டித் தட்டிப் பார்த்தான். “ஆணி எங்க மச்சான்? ஒரு ஆணி காட்டு பார்ப்பம்.” மரத்தில் மரத்தைக் கொளுவியே நிறுத்தியிருந்தார்கள். கூரை சுவரைத் தாண்டி இரண்டு கையையும் விரித்த அகலத்துக்கு மேல் வெளியே நீண்டு மழையைத் தள்ளி விட்டது.

கதவில் நான் தலையை இடித்துக்கொண்டேன். றிஸ்வி சிரித்துக்கொண்டே வந்து அவனும் இடித்துக்கொண்டான்.

உள்ளே நுழைந்தால் முதலில் வருவது குசினி. நம்மூரில் விருந்தாளியை உட்கார வைக்கும் ஹோல் இருக்கும் இடத்தில் இங்கே அடுப்பு. இரும்பில் செய்த பெரிய அடுப்பு. மேலே கேத்தல், பக்கத்தில் ரொட்டி சுடும் அறை, பின்னால் கல் சுவர். அந்த அடுப்பைச் சுற்றித்தான் மற்ற அறைகள். இருட்டு. காலை எட்டு மணிக்கும் எண்ணெய் விளக்கு எரிந்தது. யன்னல்கள் ஒரு ஆள் தலையை நீட்டும் அளவுதான். அடுப்பை அவர்கள் ‘குசினே’ என்று சொல்வதைக் கேட்டு றிஸ்வி சந்தோஷத்தில் துள்ளினான். “சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தாச்சி மச்சான். இனி இஞ்சதான்.”

ஆயிஷேக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் பூப்போட்ட துணி, இடுப்பில் கோடுபோட்ட கம்பளி. எங்களைப் பார்த்ததும் ஏதோ நீளமாகச் சொன்னா. பின்னால் வந்த முராத் முகத்தைச் சுளித்தான்.

“என்ன சொல்றா?”

“வாங்க என்றா.”

“அவ்வளவு நேரமும் வாங்க எண்டுதான் சொன்னாவா?” என்று கேட்டான் றிஸ்வி.

முராத் சிறிது யோசித்தான். “கண்ணாடியில் படுத்த முட்டாள்களா, வாங்க என்றா.”

எங்களுக்குக் கொடுத்த அறையின் மூன்று சுவர்கள் பலகை, ஒன்று மட்டும் கல். கல்லில் கையை வைத்தேன். இளஞ்சூடு. அடுப்பின் பின்புறம்தான் அந்தச் சுவர் என்பது பிறகுதான் விளங்கியது. றிஸ்வி அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். எனக்கோ புகை வாசனை, மூடிய பலகை வாசனை. மூச்சு முட்டியது. பிறந்ததிலிருந்து பழகிய வேலையைச் செய்தேன். இரண்டு யன்னல்களையும் அகலத் திறந்தேன். காற்று குறுக்கே ஓட வேண்டுமல்லவா, குசினிப் பக்கக் கதவையும் திறந்து கல் ஒன்றை முட்டுக் கொடுத்துவிட்டு, கீழே சுவரைப் படம் பிடிக்கப் போய்விட்டேன்.

அரை மணி நேரத்தில் மேலே சத்தம். ஓடி வந்தால் ஆயிஷே யன்னல்களைப் படார் படார் என்று சாத்திக்கொண்டிருந்தா. றிஸ்வி குந்திக்கொண்டு நடுங்கினான். என்னைக் கண்டதும் ஆயிஷே விறகைக் காட்டி, யன்னலைக் காட்டி, வானத்தைக் காட்டி, மூன்று விரலை நீட்டி ஒரு பிரசங்கமே செய்தா.

முராத் மொழிபெயர்த்தான்: “அக்காவுக்குச் சின்ன வருத்தம்.”

“மூணு விரல் என்ன?”

“மூன்று மணி நேரம் எரித்த விறகை நீங்கள் மலைக்குச் சூடு காட்ட அனுப்பிவிட்டீர்கள். மலை நன்றி சொல்லவில்லை என்றா.”

நான் மன்னிப்புக் கேட்டேன். பல்லுத் தந்தியடிக்கும் நிலையிலும் றிஸ்வி விடவில்லை. “ராத்தா, இவர ஏசாதீங்க. கல்முனைப் பக்கத்தான் சந்திரனுக்குப் போனாலும் முதல்ல யன்னலத்தான் திறப்பான்.”

மதியம் கரண்ட் வந்து, பைகள் மிச்சப் பயணத்தை முடித்தன. பகல் சாப்பாட்டுக்கு நெத்தலி. கடலில் அது தொடங்கும் காலமாம். சோளமாவில் புரட்டி, தட்டில் பூ மாதிரி வட்டமாக அடுக்கிப் பொரித்திருந்தார்கள். பொத்துவில் கரையில் பிறந்த றிஸ்விக்குக் கண் கலங்கியே விட்டது. ஆனால் ஒரு மிளகாய் இல்லை. பைக்குள் இருந்து சம்பல் போத்தலை எடுத்தான். ஆயிஷே ஒரு விரல் தொட்டு வாயில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் எழுந்து வெளியே போனா. திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. உட்கார்ந்து, மறுபடியும் ஒரு விரல் தொட்டா.

சாப்பிட்டு முடித்துக் கறுப்புத் தேநீரோடு இருந்தபோதுதான் அக்காவும் தம்பியும் மோதினார்கள். ‘எது நல்ல வீடு?’ என்று நான்தான் தெரியாத்தனமாகக் கேட்டேன்.

“இந்த வீட்டில் நான் பகலில் விளக்குப் போட்டுப் பாடம் படித்தேன்,” என்றான் முராத். “மழைக்காலத்தில் இரண்டு மாதம் சூரியனைப் பார்க்கவில்லை. எனக்கு வெளிச்சம் வேணும். அதுதான் கண்ணாடி.”

அதை அவனே அக்காவுக்குத் துருக்கியில் சொன்னான். ஆயிஷே தேநீரைக் குடித்தபடி இரண்டு சொல் சொன்னா.

“என்னவாம்?”

“வெளிச்சம் வேணுமென்றால் வெளியே போ என்றா.”

இரண்டு பேரும் சொன்னது எனக்குச் சரியாகவே பட்டது. குறிப்புப் புத்தகத்தில் முதலாளிக்காக இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினேன். பிறகு பிற்பகல் அசர் தொழுதுவிட்டு பைக்குள் இருந்த படத்தை எடுத்து விரித்தேன். தங்கச்சியின் வீட்டில் நான் வைத்திருந்த துளைக் கற்களை எண்ணினேன். இருபத்திரண்டு. காற்றுக்காக இருபத்திரண்டு வாசல். ஹப்புத்தளையில் மாலையானால் மூடுபனி வீட்டுக்குள் நடந்து வரும் என்று பர்ஹானா போனில் சொல்லியிருந்தாள். நான் அதற்கு வாசல்களைக் கட்டி வைத்திருக்கிறேன்.

சரி, துளைகளை அடைத்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அது சின்ன வேலை.

அடுத்த நாள் சுபஹு நேரம் ஆயிஷேயின் குசினி வழியாகத்தான் ஒழுச் செய்யப் போக வேண்டியிருந்தது. அவ ஏற்கனவே எழும்பி அடுப்பைக் கிளறி, சூப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தா. வெறுங்கால். கையை முழங்கை வரை சுருட்டி விட்டிருந்தா. சுற்றியிருந்த அறைகளில் ஆட்கள் தூங்கினார்கள், அந்த அடுப்பின் சூட்டில். வெளியே படிகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

எனக்கு அங்கேயே கால் நின்றுவிட்டது. நோன்பு காலத்தில் பர்ஹானா சஹர் சாப்பாடு ஆக்க விடியுமுன் எழும்புவாள். கதவைத் திறந்து, அந்த மூடுபனிக்குள், அந்த மழைக்குள் பதினைந்து அடி நடந்து, குளிர்ந்த குசினிக்குள் தனியாக நின்று அடுப்பு மூட்டுவாள். சோற்றையும் ஆணத்தையும் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள். வீட்டுக்குள் வரும்போது அதெல்லாம் ஆறியிருக்கும். அவளுடைய அடுப்பின் சூடு ஒருவருக்கும் உதவாமல் வெளியே போய்விடும். இது ஒரு நாள் கதை இல்லை, அவள் அந்த வீட்டில் வாழும் காலம் முழுவதும். சூட்டை வீட்டுக்கு வெளியே தள்ளி வைப்பது எங்கள் கடற்கரைப் புத்தி. அதை அப்படியே ஐயாயிரம் அடி உயரத்துக்குக் கொண்டுபோய் அளவு போட்டு வரைந்து கொடுத்துவிட்டேன்.

இன்றைக்கு என்ன கிழமை? சனி. அத்திவாரம்!

தொழுதேனா, தொழுததில் மனம் இருந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. போனுக்கு சிக்னல் கிடைப்பது கண்ணாடி வீட்டு முற்றத்தில் மட்டும்தான். ஐம்பது படியையும் ஓடி ஏறினேன். பின்னால் றிஸ்வி “என்னடாப்பா, யாருக்கு என்ன?” என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான். எங்களுக்கு ஏழு மணி, அங்கே ஒன்பதரை. வாப்பா எடுத்தார். பின்னால் மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

“அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா. குசினிக்கு அத்திவாரம் வெட்டியாச்சா?”

“வஅலைக்குமுஸ்ஸலாம் மகன். நேத்தே வெட்டியாச்சி. இண்டைக்குக் கல்லுப் போடுறம். நீ கீறின அளவில ஒரு விரல் கூடக் கூடல்ல, குறையல்ல. பாஸ் நாலு தரம் அளந்தவர்.”

“நிப்பாட்டச் சொல்லுங்க வாப்பா.”

“என்ன?”

“நான் கீறினது பிழை.”

வாப்பா தேத்தண்ணிக் கடையில் சுருளை விரித்துக் காட்டும் காட்சி எனக்கு முன்னால் வந்து நின்றது. பக்கத்தில் சலீம் பாஸின் குரல்.

“என்னவாம் ஹாஜியார்?”

“பிழையாம்.”

“ஆர்ர பிழை? என்டயா?”

“இல்ல. மகன்ட.”

“அல்ஹம்துலில்லாஹ்,” என்றார் சலீம் பாஸ்.

போனை எல்லோருக்கும் கேட்கும்படி போடச் சொன்னேன். சனிக்கிழமையானதால் பர்ஹானாவும் அங்கே இருந்தாள். உம்மாவும் இருந்தா. குசினியை வீட்டோடு சேர்க்க வேண்டும், ஹோலுக்குப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், துளைக் கற்கள் ஒன்றும் வேண்டாம் என்று மூச்சு விடாமல் சொன்னேன். ஆயிஷேயின் அடுப்பைச் சொன்னேன். படியில் படிந்த பனியைச் சொன்னேன்.

முதலில் உம்மாதான் எதிர்த்தா. “என்ன கதை இது? ஹோலுக்குப் பக்கத்தில குசினிய வெச்சா, மாப்பிளய பார்க்க வாற ஆம்புளையளுக்கு முன்னால என்ட புள்ள எப்பிடி அடுப்பு ஊதுற? ஊரில யாராச்சும் கேள்விப்பட்டா சிரிக்க மாட்டாங்களா?”

“உம்மா, குளிர்...”

“குளிரெண்டா போர்த்திக் கிடக்கலாம். மானம் போனா எத்தப் போர்க்கிற?”

அது நியாயமான கேள்வி. ஆயிஷேயின் வீட்டில் வருகிறவர் எல்லோரும் அடுப்படியில்தான் உட்காருகிறார்கள். எங்கள் வீடுகளில் அது நடக்காது. முதலாளிக்கு வரைந்து கொடுக்கும் படமென்றால் எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். இது உம்மா.

அப்போது பர்ஹானா பேசினாள். “காக்கா, அந்த வீட்டில நீங்க படுத்த அறையும் குசினியா?”

“இல்ல. பக்கத்து அறை. கல்லுச் செவருதான் நடுவில. அடுப்பு அங்கால, சூடு இங்கால.”

“அப்ப எனக்கும் அப்பிடி ஒரு செவரு போதுமே. அடுப்பு என்ட பக்கம், சூடு ஹோல் பக்கம். வாசல் ஹோலுக்கு வேணா, உள் அறைக்குத் திறக்கட்டும். வாறவங்க வெக்கைய மட்டும் காணட்டும், என்னயக் காண வேணாம்.”

உம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் சம்மதம்.

“இத நீ முதல்லயே சொல்லியிருக்கலாமே புள்ள,” என்றேன்.

“நெனச்சன் காக்கா. படத்தக் கண்ட அண்டைக்கே குசினி தூரமாக் கிடக்கே எண்டு நெனச்சன். நீங்க படிச்ச ஆள், சரியாத்தான் கீறியிருப்பீங்க எண்டு வாய மூடிட்டன்.”

குடியிருக்கப் போகிறவள் அவள். அவளிடம் ஒரு கேள்வி கேட்காமல் இருபத்திரண்டு துளை வைத்தவன் நான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். நல்ல வேளை, றிஸ்வி மேகத்தைப் பார்ப்பதுபோல நின்றான்.

“வெட்டின கானுக்கு என்ன செய்யிற?” என்று கேட்ட சலீம் பாஸின் குரலில், அந்த அத்திவாரக் குழிக்காக உண்மையான துக்கம். “நாலு தரம் அளந்து வெட்டினது.”

“முட்டைக்கோவா நடுறன் பாஸ்,” என்றாள் பர்ஹானா. “நேரா வெட்டியிரிக்கி, பாத்தி கட்டத் தேவல்ல.”

என் பயம் எல்லாம் வாப்பாவைப் பற்றித்தான். அவர் போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு பாஸுக்குச் சொல்வது கேட்டது: “பார்த்தீங்களா பாஸ்? மகன் துருக்கி வரைக்கும் போய்ப் பார்த்துட்டுத்தான் சொல்றான். ஊரில இருந்திருந்தா இப்பிடி ஒரு பிழைய ஆருக்குக் கண்டுபிடிக்க ஏலும்?”

அதை நாளைக்கு எந்தக் கடையில், எந்த விதமாகச் சொல்லப் போகிறார் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. அவருக்கு என் சரியும் பெருமை, என் பிழையும் பெருமை. நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

நான்காம் நாள் வானம் திறந்தது. வந்த நாளிலிருந்து முதல் தடவையாக மலைகளைக் கண்டோம். தேயிலைச் சரிவுகள், அப்பால் ஒரு கோடு கடல். முதலாளியின் நிலத்தை அளக்கப் போகுமுன் முராத் எங்களை வலுக்கட்டாயமாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனான். கரண்ட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டு நின்று பார்த்தேன். காலை வெயில் கண்ணாடிக்குள்ளால் விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் கூடம் முழுவதும் இதமாகிவிட்டது. நாற்காலி, தரை, என் சட்டை எல்லாம் சூடு. ஊரில் நாங்கள் வெயிலை வீட்டுக்குள் விடாமல் இருக்க என்னவெல்லாம் செய்கிறோம். இங்கே அதைக் கையேந்தி வாங்க வேண்டியிருக்கிறது. முராத்தின் கண்ணாடியைக் குறை சொல்ல முடியாது. நான்கு பக்கமும் வைத்ததுதான் கூடிப்போனது. கிழக்குப் பார்த்து ஒரே ஒரு பெரிய யன்னல், பர்ஹானா பிள்ளைகளின் கொப்பி திருத்தும் மேசைக்குப் பக்கத்தில். குறிப்புப் புத்தகத்தில் முதலாளியின் பக்கத்தில் எழுதாமல் தனியாக எழுதிக்கொண்டேன்.

“மற்ற விருந்தாளிகளிடம் சொல்லாதே,” என்றான் முராத், “குளிர்காலத்தில் நானும் கீழே அக்கா வீட்டில்தான் படுக்கிறேன்.”

இறங்கும்போது ஆயிஷே வழிமறித்து றிஸ்வியிடம் கையை நீட்டினா. மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அவன் மிச்சச் சம்பல் போத்தலைக் கொடுத்தான். பதிலுக்கு ஒரு பெரிய பாலாடைக்கட்டி வந்தது. கூடையில் போட வேண்டாம், கையில் கொண்டுபோகிறோம் என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

முதலாளிக்கு இரண்டு வீட்டையும் பற்றி நேர்மையாக எழுதி அனுப்பினேன். அடுப்புச் சுவர், அகலக் கூரை, ஒரு பக்கக் கண்ணாடி என்று ஒரு கலப்பு மாதிரியையும் வரைந்து இணைத்தேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது. ‘கண்ணாடி. நான் ஆகஸ்டில் மட்டும்தான் போவேன்.’ அதுவும் சரிதான். ஆகஸ்டில் போகிறவருக்கு அடுப்பு எதற்கு?

தங்கச்சியின் வீட்டைத் திரும்பும் வாகனத்திலும், விமான நிலையத்தில் தரையில் உட்கார்ந்தும் மீண்டும் வரைந்தேன். இந்தத் தடவை ஒவ்வொரு கோட்டுக்கும் அவளிடம் கேட்டேன். அடுப்பு எந்த உயரம், விறகு எந்தப் பக்கம், மாவரைக்க எங்கே நிற்பாய் என்று. ஒரு கட்டத்தில் “காக்கா, எனக்குப் பள்ளிக்கூடம் இரிக்கி, கொஞ்சம் நீங்களும் யோசிங்களன்” என்று போனை வைத்தாள்.

தோஹாவுக்கு வந்த மூன்றாம் நாள் வாப்பா ஒரு புகைப்படம் அனுப்பினார். ஹப்புத்தளைச் சரிவில் புதிய அளவுக்கு ஆப்பு அடித்து, வெள்ளை நூல் கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒரு கல் கூட ஏறவில்லை. நூலுக்கு அந்தப் பக்கம், அடுப்பு வரப்போகும் இடத்தில் பர்ஹானா குந்தியிருந்து ஏதோ கிண்டுவதுபோல் கையை வைத்திருக்கிறாள். நூலுக்கு இந்தப் பக்கம், ஹோலில், உம்மா, இன்னும் எழும்பாத அடுப்புச் சுவருக்கு நேரே இரண்டு உள்ளங்கையையும் நீட்டிச் சூடு காய்ந்துகொண்டு நிற்கிறா.